ஆடும் கல்லில் ஏற உடல்பலம் போதுமா?

கேட்கப்பட்டது சுருக்கமாக இதுதான்: "சொந்த ஊர் தருமபுரி பக்கம். ஓசூரில் வேலை. வயது 24. தீர்த்தமலை, கிருஷ்ணகிரி கோட்டை, பர்வதமலை, வெள்ளியங்கிரி எல்லாம் ஏறியிருக்கிறேன். தினமும் 10 கி.மீ. ஓடுகிறேன். எங்கள் ஊர்க் கரட்டின் தென்முகத்தில், பாதையே இல்லாத ஓர் ஓடை வழியாக உச்சிக்கு ஏற நான்கு நண்பர்கள் திட்டம் போட்டிருக்கிறோம். அங்கே கல் ஆடும், சரியும் என்று ஆடு மேய்ப்பவர்கள் சொல்கிறார்கள். கவனமாக ஏறினால் போதாதா? அனுபவம் கட்டாயம் வேண்டுமா? பிற்பாடு இமயமலைக்கும் போக ஆசை."

தம்பி, நேராகவே சொல்லிவிடுகிறேன். அனுபவம் கட்டாயம் வேண்டும். இந்த வழியை நீங்கள் நால்வரும் இப்போது ஏற வேண்டாம். உங்கள் உடல்பலத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஆடும் பாறையில் உயிரைக் காப்பாற்றுவது மூச்சும் தொடையும் அல்ல. கை வைக்கிற ஒவ்வொரு கல்லையும் நம்பாமல் இருக்கிற பழக்கம்தான் காப்பாற்றும். அந்தப் பழக்கம் ஓடினால் வராது, காணொலி பார்த்தாலும் வராது.

நீங்கள் சொன்ன நான்கு மலைகளையே எடுத்துக்கொள்வோம். கோட்டை மலையில் வெட்டிய படி இருக்கிறது. தீர்த்தமலையிலும் படி. பர்வதமலையில் கடப்பாறைப் படி என்று ஒரு இடம் வருமே, அங்கே பாறையில் இரும்பு அடித்து வைத்திருக்கிறார்கள். அந்த இரும்பை அடித்தவர் எந்தப் பாறை தாங்கும், எது தாங்காது என்று பார்த்துத்தான் அடித்திருப்பார். வெள்ளியங்கிரியில் எத்தனையோ தலைமுறையாக லட்சக்கணக்கான கால்கள் நடந்து, விழ வேண்டிய கல்லெல்லாம் விழுந்து தீர்ந்த பாதை. அங்கெல்லாம் நீங்கள் ஏறியது வேறொருவருடைய அனுபவத்தின் மேல். அதைக் குறைத்துச் சொல்லவில்லை, வெள்ளியங்கிரியின் ஏழு மலையையும் ஏறி இறங்குவது சாதாரணக் காரியம் இல்லை. ஆனால் அங்கே உங்களுக்கு மூச்சு வாங்கியதே தவிர, "இந்தக் கல் என்னைத் தாங்குமா?" என்ற கேள்வி ஒரு தடவைகூட வந்திருக்காது. அந்த ஓடையில் ஒவ்வொரு அடிக்கும் அந்தக் கேள்வி வரும்.

என் அப்பா கிருஷ்ணகிரி பக்கம் கல் குவாரியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். மலை ஏறுவது பற்றி நான் கற்றதில் பாதி அவரிடம் கற்றதுதான், அவர் பொழுதுபோக்குக்காக ஒரு மலையும் ஏறியதில்லை என்றாலும். பழைய முறையில் பலகைக்கல் எடுக்கும்போது பாறைமேல் விறகைப் பரப்பித் தீ மூட்டுவார்கள். சூட்டில் மேல்தோல் விரிந்து, அடிப்பாறையை விட்டுக் கிளம்பும். எதுவரை கிளம்பியிருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சம்மட்டியால் தட்டிக்கொண்டே நடப்பார்கள். ஒட்டியிருக்கிற பாறை 'கிண்' என்னும். கிளம்பிய பாறை 'பொத்' என்னும், காலிப் பானையைத் தட்டியதுபோல. நான் பத்து வயதில் அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பழகினேன்.

அந்தத் தீ சில மணி நேரத்தில் செய்வதைத்தான் வெயிலும் காலமும் சேர்ந்து நம் மலைகளில் மெதுவாகச் செய்துகொண்டிருக்கின்றன. நம் மாவட்டங்களின் பாறை பூமிக்கு வெகு ஆழத்தில், பெரிய அழுத்தத்தில் உருவானது. மேலே கிடந்த பாரமெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் கரைந்து போகப் போக, அழுத்தம் தளர்ந்து, பாறை வெங்காயத் தோல்போலப் படலம் படலமாகப் பிரிகிறது. பகல் வெயிலில் விரிவதும் ராத்திரியில் சுருங்குவதும் அதற்குத் துணை. பிளவில் மழைத்தண்ணீர் இறங்குகிறது. பறவை போட்ட விதையிலிருந்து இச்சியோ அரசோ முளைத்து வேர் ஆப்பு வைக்கிறது. ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி வைத்ததுபோல நிற்கிற குண்டுக் கற்களுக்கு வேறு கதை. ஒரு காலத்தில் அவை மண்ணுக்குள் இருந்தவை. பிளவு வழியாக இறங்கிய நீர் ஓரங்களை மட்க வைத்து உருண்டையாக்கியது. அப்புறம் சுற்றியிருந்த மண்ணை மழை அரித்துப் போனதும் கல் மட்டும் மிஞ்சியது. அதன் அடியில் இன்னும் கொஞ்சம் மண் முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். அந்த மண் எந்த மழையில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஓடை என்பது இதையெல்லாம் கீழே கொண்டுவருகிற வாய்க்கால். ஏறுவதற்குச் சுலபமாகத் தெரியும், இரண்டு பக்கமும் சுவர், கை வைக்க இடம், நிழல். ஆனால் மேலே எங்கே ஒரு கல் நகர்ந்தாலும் கடைசியில் அது ஓடைக்குள்தான் வந்து சேரும். நமக்கு விலக இடம் இருக்காது. 1791 நவம்பரில் கிருஷ்ணகிரி கோட்டையை ஆங்கிலேயப் படை ஏறிப் பிடிக்கப் பார்த்துத் தோற்றுத் திரும்பியதே, அவர்களிடம் பீரங்கியும் ஏணியும் இருந்தன. மேலே இருந்தவர்கள் கல்லை உருட்டிவிட்டார்கள். மேலிருந்து வருகிற கல்லுக்கு முன்னால் படையே நிற்க முடியவில்லை.

இனி என் கதை. எனக்கு அப்போது 22 வயது, ராயக்கோட்டைக்குப் போகிற வழியில் ஒரு கரடு, நாங்கள் மூன்று பேர். உங்கள் திட்டம்போலவே ஓடை வழி. பாதிக்கு மேல் ஏறியாயிற்று, மேற்கே மேகம் கறுத்தது. மழைக்கு முன் உச்சியைத் தொட்டுவிட வேண்டும் என்று வேகம் பிடித்தோம். என் தலைக்கு மேல் ஒரு பலகைக்கல், வீட்டு வாசற்படி நீளம் இருக்கும், கை வைக்க அருமையான விளிம்பு. நான் அதைப் பிடித்து என் பக்கமாக இழுத்து எழுந்தேன். அது சத்தமே இல்லாமல் கூடவே வந்தது. நான் பக்கவாட்டில் சாய்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டேன், அது என் தொடையை உரசிக்கொண்டு போய் எனக்கு நேர் கீழே நின்ற நண்பன்மேல் விழுந்தது. அவன் கையைக் குறுக்கே வைத்ததால் தலை தப்பியது. இடது கை முழங்கைக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்தது.

விழுந்தது ஒரு நொடி. அவனைக் கீழே கொண்டுவர ஐந்து மணி நேரம் ஆயிற்று. அதற்குள் மழை வந்துவிட்டது. ஏறும்போது காய்ந்திருந்த பாறையில் பாசி ஊறி, கால் வைத்த இடமெல்லாம் வழுக்கியது. போனில் சிக்னல் இல்லை. ஒருவன் அவனைத் தாங்க, ஒருவன் ஒவ்வோர் அடியாகக் கால் எங்கே வைப்பது என்று கீழிருந்து சொல்ல, இருட்டில் இறங்கினோம். கடைசி அரை மைல் ஊர்க்காரர்கள் வேட்டியில் தூளி கட்டித் தூக்கினார்கள்.

அன்று ராத்திரி அப்பா திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். "தட்டிப் பார்த்தியா?"

பார்க்கவில்லை. பத்து வயதிலிருந்து அந்தச் சத்தம் தெரிந்த நான், உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் தெரிந்திருக்கும். தெரிந்தும் தட்டவில்லை. அறிவு இருந்தது, அவசரத்திலும் கை தானாகத் தட்டுகிற அளவுக்குப் பழக்கம் இல்லை. நான் அனுபவம் என்று சொல்வது இந்தப் பழக்கத்தைத்தான். இன்றைக்குப் படியில் ஏறும்போதுகூடப் பக்கத்துப் பாறையில் என் கை தட்டிவிட்டுத்தான் நகர்கிறது.

அன்று நான் செய்த தப்பு ஒன்று இல்லை, நான்கு. தட்டவில்லை. கல்லைக் கீழ்நோக்கி அழுத்தாமல் வெளிப்பக்கமாக இழுத்தேன். ஆடும் கல்கூடக் கீழ்நோக்கி அழுத்தினால் பல சமயம் தாங்கும், வெளியே இழுத்தால் இழுப்பறைபோல வந்துவிடும். மூன்றாவது, ஒருவருக்கு நேர் கீழே ஒருவர் நின்றோம். ஓடையில் ஏறும்போது ஒருவர் ஏறி முடித்து ஓரத்துக்கு ஒதுங்கும் வரை மற்றவர் சுவர் மறைவில் நிற்க வேண்டும். இல்லையென்றால் எல்லாரும் கை எட்டும் தூரத்தில் நெருங்கிப் போக வேண்டும், அப்போது நகர்கிற கல் வேகம் பிடிக்குமுன் பிடித்துவிடலாம். இரண்டுக்கும் நடுவில் பத்தடி, இருபதடி இடைவெளி விட்டுப் போவதுதான் கெடுதல். நான்காவது மழை. மேகத்தைப் பார்த்ததும் திரும்பியிருக்க வேண்டும், நாங்கள் வேகத்தைக் கூட்டினோம்.

உடல்பலம் இருக்கிறதே என்று கேட்டீர்கள், அதற்கு ஒரு பழைய சம்பவம் சொல்கிறேன். ஆல்ப்ஸ் மலையில் 4,478 மீட்டர் உயரமுள்ள மேட்டர்ஹார்ன் உச்சியை முதன்முதலில் 1865 ஜூலை 14 அன்று ஏழு பேர் தொட்டார்கள். அதில் ஹேடோ என்ற 19 வயது இளைஞர் ஒருவர். அவரைச் சேர்க்கலாமா என்ற கேள்வி எழுந்தபோது, மோன் பிளாங் மலையைப் பெரும்பாலானவர்களைவிட வேகமாக ஏறியவர் என்று அவரை அழைத்துவந்தவர் சொன்னார், சேர்த்துக்கொண்டார்கள். உச்சிக்கு எல்லாரும் போய்விட்டார்கள். இறங்கும்போது ஹேடோ கால் வழுக்கி, முன்னால் இருந்த வழிகாட்டிமேல் விழுந்தார். ஒரே கயிற்றில் கட்டியிருந்ததால் பின்னால் இருந்த இருவரும் இழுபட்டார்கள். கயிறு அறுந்து நான்கு பேர் இறந்தார்கள். வேகமும் மூச்சும் அந்தப் பையனிடம் இருந்தன. பாறையில் கால் வைக்கிற பழக்கம் இல்லை. அந்தக் கதையைப் படிக்கிறபோதெல்லாம் எனக்கு மனசு கனக்கும், ஏனென்றால் அவரைப்போல எத்தனையோ நல்ல பிள்ளைகளை நான் நம் பக்கமே பார்த்திருக்கிறேன்.

இறங்குவதுதான் கடினம் என்பதையும் இதிலேயே கவனியுங்கள். ஏறும்போது கண் கைக்கு நேரே இருக்கிறது. இறங்கும்போது கால் எங்கே போகிறது என்று தெரியாது, உடம்பு களைத்திருக்கும், மனசு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். நான் யாரையாவது முதன்முதலாகப் பாறைக்குக் கூட்டிப்போனால், ஏறச் சொல்வதற்கு முன் ஆளுயரத்திலிருந்து இறங்கச் சொல்வேன். அதில் ஆளைப் பற்றி முக்கால்வாசி தெரிந்துவிடும்.

கயிறு இருந்தால் பயமில்லை என்று உங்களில் யாராவது சொல்லியிருப்பார்கள். கயிற்றை எதில் கட்டுவீர்கள்? உறுதியான பாறையிலோ வேரோடிய மரத்திலோ கட்டினால்தான் அது கயிறு. ஆடும் கல்லில் கட்டினால், விழுகிறவரோடு கல்லும் சேர்ந்து வரும். போதாக்குறைக்கு, சரளையில் இழுபடுகிற கயிறே கல்லைத் தட்டிவிடும். கூரான விளிம்பில் உரசினால் அறுபடும். எங்கே கட்டுவது, எங்கே கட்டாமல் விடுவது என்று தெரியாத நால்வரை ஒரே கயிற்றில் கட்டினால், ஒருவர் விழுந்தால் நால்வரும் விழுவீர்கள். தலைக்கவசம் கட்டாயம், அதுவும் பாறையேற்றத்துக்கென்றே செய்தது. பைக் ஹெல்மெட் கழுத்தைத் திருப்ப விடாது, மேலே அண்ணாந்து பார்க்க முடியாது.

அனுபவம் இருந்துவிட்டால் ஒன்றும் ஆகாது என்றும் நினைக்க வேண்டாம். 2022 அக்டோபரில் உத்தராகண்டில் திரௌபதி கா டாண்டா சிகரத்தில் பனிச்சரிவில் சிக்கி, உத்தரகாசி மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் மாணவர்களும் பயிற்சியாளர்களுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வருஷம் மே மாதம்தான் எவரெஸ்ட் ஏறியிருந்த ஒரு பெண் பயிற்சியாளரும் அதில் ஒருவர். அனுபவம் ஆபத்தைக் குறைக்கும், அழிக்காது. 2003 கோடை வெயிலில் மேட்டர்ஹார்னில், பாறைப் பிளவுகளைப் பிடித்து வைத்திருந்த உறைபனி இளகி, ஆண்டாண்டாக ஆட்கள் ஏறிக்கொண்டிருந்த வழியிலேயே பாறை சரிந்தது. மேலே இருந்தவர்களை ஹெலிகாப்டரில் இறக்க வேண்டிவந்தது. வழி தெரிந்தவர்களுக்கே அந்த நிலைமை.

நம் ஊரில் உறைபனி இல்லை, ஆனால் மழை இருக்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரையேறி வந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அதே மழையில் திருவண்ணாமலை மலையடிவாரத்தில் மண்ணும் பாறையும் சரிந்து ஏழு உயிர் போயிற்று. அந்த மழைக்கு முன் ஏறியவர் சொல்கிற வழியை இன்றைக்கு அப்படியே நம்பக்கூடாது. மழைக்குப் பின் எந்த ஓடையும் புது ஓடைதான். எதிர்ப்பக்கம் நின்று பைனாகுலரில் பாருங்கள். பழைய பாறை கறுத்து, பாசி படிந்து இருக்கும். அண்மையில் உடைந்த இடம் வெளுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ புதுக்காயம்போலத் தெரியும். அதற்குக் கீழே புதிதாக உடைந்த கற்கள் செடிமேல் கிடந்தால், அந்த இடம் இன்னும் அடங்கவில்லை என்று அர்த்தம். ஆடு மேய்ப்பவர்கள் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அவர்கள் பேச்சைத் தட்டாதீர்கள். ராத்திரி எந்தப் பக்கம் கல் உருளும் சத்தம் கேட்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

மலைத்தேனீயைப் பற்றியும் கேட்டு வையுங்கள். நம் பக்கத்துப் பாறை முகங்களில் தூக்கலான விளிம்புக்கு அடியில் பெரிய அடை தொங்கும். சமதரையில் கலைத்தால் ஓடலாம். இரண்டு கையும் பாறையைப் பிடித்திருக்கும்போது எங்கே ஓடுவது? சென்ட் பூசிக்கொண்டு போவது, கத்துவது, புகை, எதுவும் கூடாது. அடை இருக்கிற முகத்தில் ஏறவே கூடாது.

கரடு காப்புக்காட்டுக்குள் இருந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்க வேண்டாம். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் காய்ந்த புல்லில் பரவிய தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதற்குப் பிறகு விதிகள் இறுகின. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் என்றால் யானையும் சேர்த்துக் கணக்கில் வரும். பிப்ரவரி முதல் மே வரை தீயும் வெயிலும், வடகிழக்குப் பருவமழையில் பாசியும் சரிவும். மழை ஓய்ந்து பாறை நன்றாகக் காய்ந்த தை மாதம்தான் என் கணக்கில் சரியான காலம்.

சரி, அனுபவத்துக்கு எங்கே போவது? நீங்கள் ஓசூரில் இருப்பது நல்லதாயிற்று. பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் செயற்கை ஏறுசுவர் இருக்கிறது. அங்கே கயிறு கட்டவும், இன்னொருவருக்குக் கயிறு பிடிக்கவும், விழவும் பழகலாம். அடுத்து ராமநகரம், சாவன்துர்க்கா. நம்முடையதைப் போன்றே கல், ஆனால் பெரும்பாலும் உறுதியான முகங்கள், பல வருஷமாக ஆட்கள் ஏறிப் பழகிய வழிகள். தெரிந்தவரோடு மட்டும் போங்கள். ஒரு வருஷம் உறுதியான பாறையில் பழகுங்கள். உறுதியான கல் கைக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் உறுதியில்லாததைக் கை கண்டுபிடிக்கும். அப்புறம் சரளைச் சரிவில் தாழ்வான இடங்களில், விழுந்தாலும் சிராய்ப்போடு போகிற உயரத்தில் பழகுங்கள். இமயமலை ஆசைக்கு உத்தரகாசி, டார்ஜிலிங், மணாலி பயிற்சி நிறுவனங்களில் அடிப்படைப் பயிற்சி உண்டு, கிட்டத்தட்ட ஒரு மாதம். நான் உத்தரகாசியில் முடித்தேன். முதல் வாரத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில் பெரும்பகுதி நடப்பது எப்படி என்பதுதான். அப்போது எரிச்சலாக இருந்தது, இன்றைக்கு அதன் அருமை தெரிகிறது.

இன்னொன்று, நால்வரில் ஒருவர் "திரும்பிவிடலாம்" என்றால் மற்ற மூவரும் காரணம் கேட்காமல் திரும்ப வேண்டும். கிளம்புமுன்பே இதைப் பேசி முடிவு செய்யுங்கள். மேலே போய்ப் பேசினால் சொல்ல வாய் வராது. எங்கள் மூவரில் கை முறிந்தவன்தான் மேகத்தைப் பார்த்து முதலில் தயங்கியவன். வாய் திறந்து சொல்லவில்லை, நாங்களும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போதைக்கு அந்த ஓடையை எதிர்க்கரையிலிருந்து தெளிவாகப் படம் எடுங்கள். அடுத்த பெருமழைக்குப் பின் அதே இடத்தில் நின்று, அதே நேரத்தில் இன்னொன்று எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தக் கல் இடம் மாறியிருக்கிறது என்று தெரியும். படங்களை எனக்கும் அனுப்புங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நால்வரும் கிருஷ்ணகிரிக்கு வந்தால், அடிவாரத்தில் எனக்குத் தெரிந்த தாழ்வான பாறை ஒன்று இருக்கிறது. ஒரு சின்னச் சுத்தியல் கொண்டு வாருங்கள், 'கிண்' எது, 'பொத்' எது என்று காட்டுகிறேன்.